பினாங்கிலிருந்து ஸ்காப்பா ஃப்ளோ வரை: குளிர்கடலில் மூழ்கிக் கிடக்கும் போர்க்கப்பல்களைக் காணப் புதிதாகச் செல்வோர்க்கு

தந்திரமாகக் காரியம் சாதிக்கும் ஒருவரைப் பார்த்து "அவன் சரியான எம்டன்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். 1914 செப்டம்பர் 22 அன்று சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசிய ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர்தான் அது. அதே கப்பல் அடுத்த மாதம் 28-ஆம் தேதி விடியற்காலையில், போலியாக நான்காவது புகைபோக்கி ஒன்றை நிறுத்திக்கொண்டு பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்து, அங்கே நங்கூரமிட்டிருந்த ஜெம்சுக் என்ற ரஷ்யக் கப்பலை மூழ்கடித்தது; திரும்பும் வழியில் மூஸ்கே என்ற பிரெஞ்சு நாசகாரிக் கப்பலையும் மூழ்கடித்தது. ரஷ்ய மாலுமிகளின் நினைவுச்சின்னம் வெஸ்டர்ன் ரோடு கல்லறைத் தோட்டத்தில் இன்றும் இருக்கிறது. பயணத்துக்கு முன் ஒரு மாலையில் அங்கே போய் நின்றுவிட்டு வாருங்கள். கப்பலோடு மனிதர்களும் மூழ்குகிறார்கள் என்பதை அந்த இடம் நன்றாக உணர்த்தும்.

அந்த எம்டன் 1914 நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளுக்கு அருகே அழிந்தது. ஜெர்மானியர்கள் அதே பெயரில் இன்னொரு கப்பலைக் கட்டினார்கள். முதல் உலகப் போர் நின்ற பிறகு, ஸ்காட்லாந்தின் வடக்கே ஆர்க்னி தீவுகள் சூழ்ந்த ஸ்காப்பா ஃப்ளோ என்ற அகன்ற நீர்ப்பரப்பில் ஜெர்மானியக் கடற்படையின் 74 கப்பல்கள் பிரிட்டிஷார் கண்காணிப்பில் நிறுத்தி வைக்கப்பட்டன. அவற்றுக்குப் பொறுப்பாக இருந்த தளபதி லுட்விக் ஃபொன் ராய்ட்டர், 1919 ஜூன் 21 அன்று, காவலுக்கிருந்த பிரிட்டிஷ் கப்பல்கள் பயிற்சிக்காக வெளியே சென்றிருந்த வேளையில், எல்லாக் கப்பல்களையும் அவரவரே மூழ்கடிக்கும்படி ஆணை கொடுத்தார். அந்த ஆணை கிளம்பியது இரண்டாவது எம்டனிலிருந்துதான். அன்று சுற்றுலாவாக ஒரு சிறு கப்பலில் வந்திருந்த ஆர்க்னிப் பள்ளிப் பிள்ளைகள், தங்களைச் சுற்றிலும் போர்க்கப்பல்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்து மூழ்குவதை நேரில் கண்டார்கள். மாலைக்குள் 52 கப்பல்கள் மூழ்கிவிட்டன. ஒன்பது ஜெர்மானிய மாலுமிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

1924 முதல் எர்னஸ்ட் காக்ஸ் என்பவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் பெரும்பாலான கப்பல்களை மேலே தூக்கி இரும்பாக விற்றார்கள். பெரிய கப்பல்களில் ஏழு எஞ்சின. கோனிக், மார்க்கிராஃப், க்ரோன்பிரின்ஸ் வில்ஹெல்ம் ஆகிய மூன்றும் கனரகப் போர்க்கப்பல்கள். ப்ரூமர், கோல்ன், ட்ரெஸ்டன், கார்ல்ஸ்ரூ ஆகிய நான்கும் இலகு ரகக் கப்பல்கள். இந்தக் கார்ல்ஸ்ரூ இரண்டாவது எம்டனோடு ஒரே வரைபடத்தில் கட்டப்பட்ட உடன்பிறப்பு. எம்டன் என்ற சொல்லைப் புழங்கும் நம்மில் ஒருவர் அதன் உடன்பிறப்பைக் கைநீட்டும் தூரத்தில் காணலாம் என்ற எண்ணம்தான் என்னை முதன்முதலில் அந்த நீருக்கு இழுத்தது. அங்கே சென்று வந்த பிறகு, பினாங்கிலும் கோலாலம்பூரிலும் உள்ள நண்பர்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதிலாக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம் ஊர் முக்குளிப்பாளர்கள் இந்தப் பயணத்தைப் பற்றிப் பேசும்போது ஆழத்தை நினைத்துத்தான் அஞ்சுகிறார்கள். ஆழம் சிக்கலே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நம்மைத் தடுமாற வைப்பது குளிர். மலேசியத் தீவுகளான தியோமானிலும் பெர்ஹெந்தியானிலும் 29 டிகிரி நீரில் மெல்லிய உடையோடு, வெறுங்கையோடு பழகிய உடல், 9 டிகிரி நீரில் தடித்த கையுறையோடு அதே வேலைகளைச் செய்யும்போது முற்றிலும் புதிய ஆளாகிவிடுகிறது. ஆகவே தயாரிப்பு முழுவதையும் குளிரை மையமாக வைத்தே திட்டமிட வேண்டும். அதற்கு ஏறத்தாழ ஓர் ஆண்டு தேவை.

நம் கடலில் செய்ய வேண்டிய வேலை

முதல் நிலைச் சான்றிதழ் உங்களை 18 மீட்டர் வரைதான் அனுமதிக்கிறது. ஸ்காப்பாவில் உள்ள இலகு ரகக் கப்பல்கள் சுமார் 26 முதல் 38 மீட்டர் ஆழத்தில் கிடக்கின்றன. கனரகக் கப்பல்கள் இன்னும் ஆழத்தில், 40 மீட்டரைத் தாண்டியும் கிடக்கின்றன. எனவே 30 மீட்டர் வரை செல்லும் அடுத்த நிலைப் பயிற்சி, ஆழ முக்குளிப்புக்கான சிறப்புப் பயிற்சி, நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூடுதலாகக் கலந்த காற்று) பயிற்சி ஆகிய மூன்றையும் மலேசியாவிலேயே முடித்துவிடுங்கள். வெதுவெதுப்பான, தெளிந்த நீரில் இவற்றைக் கற்பது எளிது, செலவும் குறைவு. பினாங்கைச் சுற்றியுள்ள கடல் பெரும்பாலும் கலங்கலானது என்பதால் நாம் பாயார் தீவுக்கோ கிழக்குக்கரைக்கோ போகத்தான் வேண்டியிருக்கிறது. ஆனால் கலங்கல் நீரில் முக்குளிக்க ஒரு வாய்ப்புக் கிடைத்தால் தட்டிக் கழிக்காதீர்கள். ஸ்காப்பாவில் பார்வைத் தூரம் ஒரு நாள் 15 மீட்டராக இருக்கும், இன்னொரு நாள் 5 மீட்டரே இருக்கும். கலங்கலில் பதறாத பழக்கம் அங்கே பெரிய சொத்து.

மூழ்கிய கப்பல்களில் பழகுவதற்கு நம் நாட்டிலேயே நல்ல இடங்கள் உண்டு. பெர்ஹெந்தியானுக்கு அருகில் சர்க்கரை ஏற்றிச் சென்று மூழ்கிய சரக்குக் கப்பல் 18 மீட்டர் அளவில் கிடக்கிறது. முதல் அனுபவத்துக்கு அது போதும். அடுத்து லாபுவானுக்குச் செல்லுங்கள். அங்கே நான்கு கப்பல்கள் உள்ளன. அவற்றில் ஒன்று 1945 ஜூனில் கண்ணிவெடியில் சிக்கி மூழ்கிய அமெரிக்கக் கடற்படைக் கப்பலான சல்யூட். இன்னொன்று சிமெண்ட் மூட்டைகளோடு மூழ்கிய சரக்குக் கப்பல். சாய்ந்து கிடக்கும் இரும்புச் சுவர் ஓரமாக நீந்தும்போது எது மேல், எது கீழ் என்று மூளை குழம்புவதை ஒருமுறையாவது இங்கேயே அனுபவித்துவிட வேண்டும்.

மொத்தம் 50 முக்குளிப்புகள், அவற்றில் குறைந்தது பத்து கப்பல்களில், என்பது என் சொந்தக் கணக்கு. சில நிறுவனங்கள் இதைவிடக் குறைவான அனுபவத்தோடும் ஏற்றுக்கொள்ளலாம். ஆயினும் மிதப்பைக் கட்டுப்படுத்துவது யோசிக்காமலே வரும் பழக்கமாகாத ஒருவர், புதிய உடை, புதிய குளிர், புதிய ஆழம் மூன்றையும் ஒரே வாரத்தில் சந்திப்பதை நான் ஆதரிக்கமாட்டேன்.

இதற்கிடையே உங்கள் ஊர் நீச்சல் குளத்திலேயே ஒரு பயிற்சியைச் செய்யலாம். 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள கையுறையை வாங்கிக்கொள்ளுங்கள். அதை அணிந்துகொண்டு டார்ச்சை மாட்டிக் கழற்றுவது, நூல் சுற்றிய ரீலின் பூட்டைத் திறப்பது, முகக்கண்ணாடியைக் கழற்றி மீண்டும் அணிவது, இடுப்பு வாரின் கொக்கியைத் தேடிப் பிடிப்பது ஆகிய நான்கையும் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் வரை விடாதீர்கள். நான் ஜோர்ஜ்டவுனில் ஒரு குளத்தில் இப்படிப் பழகிக்கொண்டிருந்தபோது அங்கே காவலுக்கிருந்தவர், "என்ன தம்பி, கையில காயமா?" என்று அக்கறையோடு கேட்டார். விளக்கிச் சொன்னதும், மறுநாளிலிருந்து கொக்கிகளை எத்தனை நொடியில் மாட்டுகிறேன் என்று அவரே கடிகாரம் பிடித்தார். முதல் நாள் 40 நொடி எடுத்த வேலை மூன்றாவது வாரத்தில் 9 நொடிக்கு வந்தது. ஆர்க்னியில் எனக்கு மிகவும் உதவிய பயிற்சி எது என்று கேட்டால் அந்தக் குளத்தைத்தான் சொல்வேன்.

உடல் வலுவும் வேண்டும். உலர் உடை, மூழ்க உதவும் ஈயக் கட்டிகள், எஃகு சிலிண்டர் எல்லாம் சேர்ந்தால் எடை 40 கிலோவை எளிதில் தாண்டும். அதோடு ஆடும் படகில் எழுந்து நிற்க வேண்டும். தாவரவியல் பூங்காவிலிருந்து பினாங்கு மலைக்குச் செல்லும் ஜீப் பாதை ஏறத்தாழ 5 கிலோமீட்டர். வாரம் ஒருமுறை முதுகுப்பையில் பத்துக் கிலோவோடு அதில் ஏறி இறங்கினாலே தொடைகளும் மூச்சும் சீராகிவிடும். நாற்பது வயதைக் கடந்தவர்கள், இரத்த அழுத்தம் அல்லது நீரிழிவு உள்ளவர்கள், முக்குளிப்பு மருத்துவம் தெரிந்த மருத்துவரிடம் கட்டாயம் சோதனை செய்துகொள்ளுங்கள். குளிர்ந்த நீரில் இறங்கியதும் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் இதயத்தின் சுமை திடீரென்று கூடுகிறது. நம் இனத்தாரிடையே நீரிழிவும் இதய நோயும் அதிகம் என்பது நாம் அறிந்ததே. இதில் வெட்கப்படவோ மறைக்கவோ எதுவும் இல்லை.

உலர் உடை

இந்தப் பயணத்தின் மையக் கருவி டிரை சூட் எனப்படும் உலர் உடை. நாம் பழகிய ஈர உடைக்குள் நீர் புகும்; உடல் அந்த நீரைச் சூடாக்கிக்கொள்ளும். உலர் உடையில் கழுத்திலும் மணிக்கட்டிலும் உள்ள இறுக்கமான பட்டைகள் நீரைத் தடுக்கின்றன. உள்ளே அணியும் கம்பளி போன்ற உடையும் அதில் தங்கும் காற்றும் வெப்பத்தைக் காக்கின்றன. காற்றைவிட நீர் உடல் வெப்பத்தை ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகப் பறித்துக்கொள்ளும் என்பதால், ஸ்காப்பா நீரில் இது இல்லாமல் இறங்குவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

இதற்கான பயிற்சியைக் குளிர்ந்த நீரிலேயே எடுங்கள். இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் நீர் நிரம்பிய பழைய கற்சுரங்கங்களில் இப்பயிற்சி நடக்கிறது. ஆர்க்னிக்குப் போவதற்கு முன் நான்கைந்து நாள்களை இதற்கென ஒதுக்கி, உலர் உடையில் பத்து முறையாவது இறங்கி ஏறிவிட்டு வடக்கே செல்லுங்கள். ஆர்க்னி வாரத்தின் முதல் நாளிலேயே உலர் உடையை முதன்முறையாக அணியத் திட்டமிடுபவர்கள் அந்த வாரத்தையே வீணாக்குகிறார்கள்.

அணியும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் தவறுகள் தரையிலேயே தொடங்குகின்றன. மணிக்கட்டுப் பட்டையின் உட்புறத்தில் வாசனையில்லாத முகப்பவுடரைத் தூவுங்கள். விரல்களை ஒன்றோடொன்று சேர்த்து, கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடித்து, கை வழுக்கிச் செல்லும்படி மெதுவாக நுழையுங்கள். பட்டையின் விளிம்பைப் பிடித்து இழுத்தால் கிழிந்துவிடும். கழுத்துப் பட்டைக்குள் ஒரே ஒரு தலைமுடி சிக்கியிருந்தாலும் அந்த வழியே நீர் கசிந்து முதுகு வரை இறங்கும். நீண்ட முடியுள்ளவர்கள் கொண்டையை உயர்த்திக் கட்டிவிட்டு, வேறொருவரை விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். கழுத்தில் தாலியோ சங்கிலியோ இருந்தால் அது பட்டைக்குக் கீழே முழுவதுமாக உள்ளே இருக்க வேண்டும். பிறகு ஜிப் முழுவதும் மூடியிருக்கிறதா என்று துணையாக வருபவர் கையால் இழுத்துச் சோதிக்க வேண்டும். கடைசியாகக் குந்தி உட்கார்ந்து, கழுத்துப் பட்டையை ஒரு விரலால் விலக்கி, உள்ளே உள்ள மிகுதிக் காற்றை வெளியேற்றுங்கள்.

நீருக்குள் ஆழம் கூடக்கூட உடைக்குள் உள்ள காற்று சுருங்கி, துணி மடிப்புகள் தோலைக் கிள்ளும். மார்பிலுள்ள பொத்தானைச் சிறிது சிறிதாக அழுத்தி, கிள்ளல் நீங்கும் அளவுக்கு மட்டும் காற்றைச் சேர்க்க வேண்டும். ஏறும்போது அந்தக் காற்று விரியும்; இடது மேற்கையிலுள்ள வால்வு வழியே அது வெளியேறும், ஆனால் அந்த முழங்கை உடலின் மிக உயரமான இடமாக இருந்தால்தான் வெளியேறும். என் இரண்டாவது பயிற்சி நாளில் தலைகீழாகச் சாய்ந்து ஒரு பாறையடியைப் பார்க்க முயன்றபோது காற்றெல்லாம் கால் பக்கம் ஓடிவிட்டது. கால்கள் பலூன்போல் உப்பி மேல்நோக்கி இழுக்கத் தொடங்கின. முழங்கால்களை மார்போடு மடக்கி, கைகளால் நீரைத் தள்ளி ஒரு பல்டி அடித்து நிமிர்ந்து, இடது முழங்கையை உயர்த்தியதும் காற்று வெளியேறியது. ஆறு மீட்டர் ஆழத்தில் நடந்ததால் பாடமாக முடிந்தது; 30 மீட்டரில் நடந்திருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும். அந்தப் பல்டியைப் பயிற்சியாளர் முன்னிலையில் வேண்டுமென்றே பலமுறை செய்து பாருங்கள்.

கருவிகள்

நம் நாட்டில் வாங்கிய ரெகுலேட்டரை (சிலிண்டர் காற்றை மூச்சுக்கேற்ற அழுத்தத்தில் தரும் கருவி) அப்படியே கொண்டுபோக எண்ணுபவர்கள் அதன்மேல் பொறித்திருப்பதைப் படியுங்கள். ஐரோப்பியத் தரநிலை ஈ.என். 250-இன்படி, 10 டிகிரிக்கும் குறைவான நீருக்குத் தகுதி பெறாத ரெகுலேட்டரில் அந்த வரம்பு குறிக்கப்பட்டிருக்கும். சிலிண்டரிலிருந்து வரும் காற்று விரியும்போது மேலும் குளிர்கிறது. நீரும் குளிராக இருந்தால் உள்ளே பனிக்கட்டி உருவாகி, வால்வு திறந்தபடியே உறைந்து, காற்று நிற்காமல் கொட்டும். ஒரு கற்சுரங்கத்தில் நான் வாடகைக்கு எடுத்த ரெகுலேட்டர் 6 டிகிரி நீரில் இப்படித்தான் செய்தது. அழுத்தமானியின் முள் இறங்குவதைக் கண்ணால் பார்த்தேன். சிலிண்டரோடு இணையும் பகுதியில் நீர் புகாத அடைப்புள்ள குளிர்நீர் ரெகுலேட்டரே தேவை. அதோடு, நீரின் மேற்பரப்பில் நின்று அதைச் சோதிப்பதற்காகத் தேவையின்றிப் பலமுறை மூச்சிழுப்பதைத் தவிர்க்க வேண்டும். காற்று கொட்டத் தொடங்கினால் துணையின் மாற்று ரெகுலேட்டருக்கு மாறி, இருவரும் சேர்ந்து மேலேறுவதுதான் வழி.

முகக்கண்ணாடி, ஆழத்தையும் நேரத்தையும் காட்டும் டைவ் கம்ப்யூட்டர், ரெகுலேட்டர், கையுறை, 5 முதல் 7 மில்லிமீட்டர் தலையுறை, உள்ளாடை ஆகியவற்றை உங்களுடையதாகக் கொண்டுபோங்கள். சிலிண்டரும் ஈயமும் அங்கே கிடைக்கும். உடைக்குள் உள்ள காற்று மிதக்க வைப்பதால், தியோமானில் 4 கிலோ ஈயம் போதுமென்றவருக்கு அங்கே 10 அல்லது 12 கிலோ தேவைப்படலாம். எவ்வளவு வேண்டும் என்பதை ஊகிக்காமல், 50 பார் (காற்றழுத்த அளவு) மட்டும் மீதமுள்ள சிலிண்டரோடு 5 மீட்டரில் நிலையாக நிற்க முடிகிறதா என்று பார்த்து முடிவு செய்யுங்கள். இரண்டு டார்ச்சுகள், ஒரு வெட்டும் கருவி, ரீலோடு கூடிய அடையாள மிதவை ஆகிய மூன்றும் கட்டாயம்.

காற்றைக் கணக்கிடுதல்

பலர் இதைப் படிக்காமல் தாண்டிவிடுவார்கள் என்று தெரியும். தயவுசெய்து தாண்டாதீர்கள்.

30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 4 பார். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் காற்றை மூச்சிழுப்பவர் அங்கே 80 லிட்டரைச் செலவழிப்பார். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் என்றால் 2,400 லிட்டர். அரை மணி நேரத்தில் முற்றிலும் தீர்ந்துவிடும். மேலேற எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்பதை மோசமான நிலைமையை வைத்துக் கணக்கிடுவோம். துணையின் காற்று தீர்ந்துவிட்டது. இருவரும் ஒரே சிலிண்டரில். பதற்றத்தில் ஆளுக்கு 30 லிட்டர், சேர்ந்து 60 லிட்டர். கீழே நிலைமையைச் சரிசெய்ய ஒரு நிமிடம் என்றால் 240 லிட்டர். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் ஏற மூன்றரை நிமிடம், சராசரி அழுத்தம் 2.5 பார் என்றால் 525 லிட்டர். 5 மீட்டரில் மூன்று நிமிட நிறுத்தத்துக்கு 270 லிட்டர். மொத்தம் 1,035 லிட்டர். 12 லிட்டர் சிலிண்டரில் இது ஏறத்தாழ 90 பார். 15 லிட்டரில் 70 பார். அதாவது "50 பாரில் மேலே வருவோம்" என்று நாம் தீவுகளில் பழகிய விதி இங்கே இருவரைக் காப்பாற்றப் போதாது. குளிரில் மூச்சு இன்னும் கூடும் என்பதால் உங்கள் சொந்த அளவைக் கற்சுரங்கத்தில் உலர் உடையோடு அளந்து வைத்துக்கொள்ளுங்கள். 15 லிட்டர் சிலிண்டரைக் கேட்டு வாங்குங்கள்.

நைட்ராக்ஸ் நேரத்தைக் கூட்டித் தரும், ஆனால் ஆழ வரம்பை மறக்கக் கூடாது. ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் (மொத்த அழுத்தத்தில் ஆக்சிஜனின் பங்கு) 1.4 பார் என்ற வரம்பில் 32 விழுக்காட்டுக் கலவை 33 மீட்டர் வரைதான். 28 விழுக்காடு 40 மீட்டர் வரை செல்லும். கோல்னின் அடித்தரை சுமார் 36 மீட்டர். ஆகவே அங்கே 32 விழுக்காட்டோடு இறங்கி, தரையில் விழுந்த எதையோ பார்க்கக் கீழே போய்விடாதீர்கள். ஒவ்வொரு சிலிண்டரையும் நீங்களே அளந்து, ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டுங்கள்.

அங்கே சேர்வதும் பருவமும்

முக்குளிப்புப் படகுகள் ஸ்ட்ரோம்னஸ் என்ற சிற்றூரிலிருந்து கிளம்புகின்றன. ஸ்காட்லாந்தின் வடகோடியில் உள்ள ஸ்க்ராப்ஸ்டரிலிருந்து கார்களை ஏற்றும் ஃபெரி ஒன்றரை மணி நேரத்தில் அங்கே கொண்டு சேர்க்கும். விமானத்தில் கர்க்வாலுக்கும் வரலாம், ஆனால் இவ்வளவு பெட்டிகளோடு ஃபெரியே வசதி. மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்போர் குறுகிய வருகைக்கு விசா எடுக்க வேண்டியதில்லை என்றாலும், 2025 ஜனவரி முதல் மின்னணுப் பயண அனுமதி பெற்றாக வேண்டும். நீர் வசந்த காலத் தொடக்கத்தில் 6 அல்லது 7 டிகிரி, செப்டம்பரில் 13 டிகிரி வரை. மே மாதவாக்கில் மிதவை நுண்ணுயிர்கள் பெருகி நீர் பச்சையாகக் கலங்குவதுண்டு. புதியவர்களுக்கு ஆகஸ்ட் இறுதி அல்லது செப்டம்பரே ஏற்றது. முக்குளிப்புக் காப்பீடு இல்லாமல் கிளம்பாதீர்கள். அதன் எண்ணையும் அவசரத் தொலைபேசியையும் வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

கப்பலில்

முதல் நாளே பெரிய கப்பலுக்குப் போகாதீர்கள். எஃப் 2 என்ற, 1946-இல் மூழ்கிய சிறிய ஜெர்மானியக் காவல் கப்பல் 18 மீட்டர் அளவில் கிடக்கிறது. ஈயத்தையும் உடையையும் சரிபார்க்க அதைக் கேளுங்கள். இரண்டாம் நாள் கார்ல்ஸ்ரூ. மீட்புப் பணியாளர்கள் வெடிவைத்துத் திறந்ததால் அது மிகவும் சிதைந்திருக்கிறது. ஆயினும் ஏழு கப்பல்களில் ஆழம் குறைந்தது அதுதான். மூன்றாம் நாள் கோல்ன் அல்லது ட்ரெஸ்டன். தலைகீழாகக் கவிழ்ந்து கிடக்கும் கனரகக் கப்பல்களை முதல் பயணத்தில் விட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து. அவற்றின் புகழ்பெற்ற 30.5 சென்டிமீட்டர் பீரங்கிகளைக் காணத் தரைமட்டம் வரை இறங்க வேண்டும். அது டிகம்ப்ரெஷன் நிறுத்தங்களில் (உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற, ஏறும் வழியில் நின்று காத்திருப்பதில்) பழகியவர்களுக்கான வேலை.

படகிலிருந்து குதித்ததும் முகத்தில் குளிர் அறையும். மூச்சு வேகமெடுக்கும். உடனே இறங்காமல் மிதவைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம், மூச்சு சீராகும் வரை காத்திருங்கள். பிறகு கயிற்றைக் கண்ணிலிருந்து விடாமல் இறங்குங்கள். முதலில் பச்சை மட்டுமே தெரியும். பிறகு பச்சைக்குள் ஒரு கருமை. பிறகு அந்தக் கருமைக்கு விளிம்பு முளைக்கும். கோல்ன் தன் வலப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. எனவே நீங்கள் முதலில் தொடுவது மேல்நோக்கிய இடப்பக்கத்தின் வளைவை. அதன் விளிம்பைத் தாண்டினால் கப்பல்தளம் செங்குத்துச் சுவராகக் கீழே இறங்கும். 150 மீட்டருக்கும் அதிகமான நீளம். முன்பகுதியில் நங்கூரச் சங்கிலியை இழுக்கும் பெரிய உருளைகள் அந்தச் சுவரில் பதித்ததுபோல் நீட்டிக்கொண்டிருக்கும். டார்ச்சை அருகில் கொண்டுபோனால், பச்சையாகத் தெரிந்த இரும்பின் மேல் வெள்ளையும் வெளிர் ஆரஞ்சுமாக மென்பவளங்கள் விரல் விரலாக நிற்பதும், இடையிடையே கடல் முள்ளெலிகள் ஒட்டியிருப்பதும் தெரியும்.

கயிறு கட்டிய இடத்தை நன்றாக நினைவில் வைத்துக்கொண்டு, ஒரே திசையில் செல்லுங்கள். தவளைபோல் கால்களைப் பக்கவாட்டில் உதையுங்கள்; மேலும் கீழும் உதைத்தால் நூற்றாண்டுத் துருவும் சேறும் எழுந்து உங்களையும் பின்னால் வருபவரையும் குருடாக்கும். உள்ளே நுழையாதீர்கள். திறந்த ஓட்டைகள் அழைப்பதுபோல் இருக்கும். ஆனால் தகடுகள் ஆண்டுதோறும் இற்று விழுகின்றன, மேலும் உள்ளே செல்வதற்குத் தனிப் பயிற்சியும் வழிகாட்டும் கயிறும், போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, அவசரத்துக்கு ஒரு பங்கு என்ற காற்றுக் கணக்கும் வேண்டும். விரல்கள் உணர்விழந்தாலோ, உடல் நடுங்கத் தொடங்கினாலோ, காற்று எவ்வளவு மீதமிருந்தாலும் துணைக்குச் சைகை காட்டி மேலேறுங்கள். நடுக்கம் வந்தபின் யோசிக்கும் திறன் குறைந்துகொண்டே போகும்.

எதையும் எடுக்காதீர்கள். இந்த ஏழு கப்பல்களும் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட தொல்சின்னங்கள். ஓர் ஆணியை எடுத்தாலும் குற்றம். அதே நீரில் 1939 அக்டோபர் 14 அன்று நீர்மூழ்கிக் கப்பலால் தாக்கப்பட்டு 800-க்கும் மேற்பட்டவர்களோடு மூழ்கிய ராயல் ஓக், 1917-இல் வெடித்துச் சிதறிய வான்கார்ட் ஆகிய இரண்டும் போர்க்கல்லறைகள். அங்கே முக்குளிக்கவே கூடாது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 1941 டிசம்பர் 10 அன்று குவாந்தானுக்கு அப்பால் மூழ்கிய ரிபல்ஸ், பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் கப்பல்களும் அப்படிப்பட்ட கல்லறைகள்தாம். நம் கடலில் கிடந்த அவற்றை இரும்புத் திருடர்கள் வெட்டிச் சிதைத்தார்கள். 2023 மே மாதம் ஒரு சீன மீட்புக் கப்பலை மலேசியக் கடல்சார் அமலாக்க நிறுவனம் தடுத்து வைத்தபோது அதில் பழைய பீரங்கிக் குண்டுகள் இருந்தன. அந்தச் செய்தியைப் படித்து வேதனைப்பட்ட எவரும் ஸ்காப்பாவிலிருந்து ஒரு துண்டுப் பித்தளையைப் பையில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

ஏறியபின்

கணக்கிட்டு வைத்த அழுத்தம் வந்ததும் கயிற்றுக்குத் திரும்புங்கள். கயிறு தென்படாவிட்டால் தேடிக் காற்றை வீணாக்காமல் அடையாள மிதவையை விட்டு, அதன் நூலைப் பிடித்து ஏறுங்கள். ஏறும் முழு நேரமும் இடது முழங்கை உயர்ந்தே இருக்கட்டும். பெரும்பாலான படகுகளில் ஏணிக்குப் பதிலாக ஆளை மேலே தூக்கிவிடும் லிஃப்ட் உண்டு. அதன் கம்பியை இரு கைகளாலும் பிடித்து அசையாமல் நில்லுங்கள். மேலே வந்ததும் சூடான குளியலுக்கு ஓடாதீர்கள். குளிர்ந்த தோலில் கரைந்திருக்கும் நைட்ரஜன் திடீர்ச் சூட்டில் குமிழ்களாக வெளிப்படலாம். உலர்ந்த உடை, தொப்பி, சூப், நிறையத் தண்ணீர் போதும். குளிர்நீரில் சிறுநீர் அதிகம் சுரப்பதால் உடல் வறண்டுபோயிருக்கும். சிறுநீர் வருமே என்று அஞ்சிக் காலையில் தண்ணீர் குடிக்காமல் இருப்பது நம்மவர்கள் செய்யும் தவறு. மூட்டு வலி, மரத்துப்போதல், அளவுக்கு மீறிய சோர்வு எதுவாக இருந்தாலும் உடனே படகுத் தலைவரிடம் சொல்லுங்கள். "காலையில் சரியாகிவிடும்" என்று அறைக்குள் படுத்துவிடாதீர்கள்.

ஒரு வாரம் தொடர்ந்து முக்குளித்தபின், கடைசி முக்குளிப்புக்கும் விமானத்துக்கும் இடையே முழுதாக 24 மணி நேரம் விடுங்கள். 18 மணி நேரம் போதும் என்பதே பொதுவான பரிந்துரை, ஆனால் கோலாலம்பூருக்குப் பதின்மூன்று மணி நேரப் பறத்தல் இருக்கும்போது கூடுதல் எச்சரிக்கை நல்லது. ஊர் திரும்பியதும் உலர் உடையை நன்னீரில் அலசி, உள்ளும் புறமும் நிழலில் உலர்த்தி, ஜிப்பில் மெழுகு தடவி, பட்டைகளில் பவுடர் தூவி, மடிக்காமல் சுருட்டி வையுங்கள். பினாங்கின் வெக்கையில் ரப்பர் பட்டைகள் விரைவில் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும். காரின் பின்பெட்டியில் ஒரு வாரம் விட்டுவைத்தால் அடுத்த ஆண்டுக்குப் புதிய பட்டைகள் வாங்க வேண்டியிருக்கும்.